துடைத்த தண்ணீர்

பூஜ்யம். இருபத்தாறு ஆண்டு வேலைக்குப் பிறகு, ஆய்வகத்தின் தவறுப் பதிவேட்டில் அவருக்கு எதிரே இருந்த எண் அது. பக்கத்து மேசைக்கு நான்கு, கடைசி மேசைக்குப் பதினொன்று. அவருக்கு மட்டும் பூஜ்யம்.

அவருடைய அறை ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆறு மேசைகள், ஒரு ஐஸ் தட்டு, எப்போதும் ஃபார்மலின் நெடி. புதிதாக வருபவருக்கு முதல் வாரம் கண் எரியும், இரண்டாவது மாதம் மூக்கு மரத்துப்போகும். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசு இங்கே மெழுகுக் கட்டிக்குள் புதைந்து வருகிறது. அதை ஐஸ் தட்டில் குளிரவைத்து வெட்டிக் கண்ணாடியில் ஏற்றி, சாயம் தோய்த்து, மேல்மாடியில் இருக்கும் நோய்க்குறி டாக்டருக்கு அனுப்புவதுதான் இவர்கள் வேலை. என்ன நோய் என்பதை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்.

அவர் மேசைக்கு வருபவை சின்னத் துண்டுகள். இரைப்பையிலும் குடலிலும் கிள்ளி எடுத்த கடுகளவுச் சதை, புராஸ்டேட்டிலிருந்து ஊசியில் உருவிய நூலிழை, சிறுநீர்ப்பையில் சுரண்டிய சீவல். கொஞ்சம் அழுத்தி வெட்டினால் துண்டே காணாமல் போய்விடும். அப்புறம் அந்த மனிதருக்கு என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த மேசை அவருக்கு.

வெட்டுகிற தடிமன் மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியைக் குறுக்கே இருபது ஏடாகப் பிரித்தால் ஒரு ஏடு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கத்தியிலிருந்து அது நாடா மாதிரி சுருண்டு வரும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கும். கண்ணாடியை அடியில் விட்டு அள்ள வேண்டும். அள்ளியதும் ஒரு மெல்லிய காகிதத்தால் தண்ணீரின் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் முந்தின நோயாளியின் துணுக்கு ஒன்று மிதந்துகொண்டிருந்து அடுத்தவரின் கண்ணாடியில் ஏறிவிடும். அப்படி ஏறுவதற்கு ஆய்வகத்தில் வைத்திருக்கும் பெயர் விருந்தாளி. அழையாமல் வருவதால்.

அவர் ஒவ்வொரு கட்டிக்கும் மூன்று முறை துடைப்பார், மழையில் கார்க் கண்ணாடி துடைப்பது மாதிரி. எல்லோருக்கும் அவர் 'வைப்பர் அக்கா'. மேல்மாடி டாக்டருக்கும் அக்காதான். டாக்டர் வயதில் பத்துப் பன்னிரண்டு வருடம் இளையவர்.

இன்னொரு வழக்கமும் அந்த அறையில் உண்டு. சொந்தக்காரர்களின் மெழுகுக் கட்டி வந்தால் தானே வெட்டக் கூடாது. ஐஸ் தட்டின் ஓரத்தில், அதிலுள்ள நோயாளி எண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார். யாருடையது என்று கேட்க மாட்டார்கள். எங்கும் எழுதி ஒட்டிய விதி இல்லை. ஆனால் ஒருவர்கூட மீறியதில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி. ஏழு வயது இளையவர், லிஃப்ட் மெக்கானிக். நெஞ்செரிச்சல் ஐந்து மாதமாக இருந்தது.

"ஊரையெல்லாம் மேல ஏத்தி இறக்கி விடறேன். எனக்கு மட்டும் சாப்பாடு கீழ இறங்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

"பேசாம வாய்வழியா குழாய் விட்டு ஸ்கோப் பண்ணிக்கோடா."

"உனக்கு யாரைப் பாத்தாலும் கிள்ளி எடுக்கணும். இப்ப என்கிட்ட வந்துட்டியா?"

கடைசியில் அக்காவே கூட்டிக்கொண்டு போனார். பதிவு மேசையில் எண் வாங்கியதும் அவர்தான். இரைப்பையில் ஆறு இடத்தில் கிள்ளினார்கள்.

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அந்த எண் அவர் தட்டில் இருந்தது. அதைத் திருப்பி வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. பக்கத்து மேசைக்கு நான்கு தவறு என்பது நினைவுக்கு வந்தது. "வேற யார் கையும் அவன் மேல படக் கூடாதுன்னு தோணுச்சு. திமிருன்னு வெச்சுக்கோங்க" என்று பிறகு சொன்னார்.

நன்றாகத்தான் வெட்டினார். அதற்கு முன் தண்ணீரில் மிதந்தது இன்னொருவரின் இரைப்பைத் துண்டு. அதை அள்ளிய பிறகு துடைத்தார். மூன்று முறை. அந்தக் காகிதத்தைக் கூடையில் போட்டது வரைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது.

சாயம் ஏறியதும், சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மேசையிலிருக்கும் சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வழக்கம். பதினொன்றரை மணிக்குத் தம்பியின் கண்ணாடியைப் பார்த்தார். இளஞ்சிவப்பும் நீலமும் அழகாகப் பிடித்திருந்தன. ஓரத்தில், மற்றத் துண்டுகளிலிருந்து பிரிந்து, ஒரு சின்னக் கொத்து. பத்துப் பதினைந்து செல் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்க வேண்டிய கரு ஓரத்துக்கு ஒதுங்கி, கல் வைத்த மோதிரம் மாதிரி இருந்தது. அவர் டாக்டர் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அந்த மோதிரத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இரைப்பைப் புற்றில் மோசமான வகை அது.

கண்ணாடியை மேலே அனுப்பினார். மத்தியானம் கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தம்பி போன் செய்தார்.

"என்னக்கா, என் குடலைப் பாத்தியா? அழகா இருக்கா?"

"குடல் இல்லடா, இரைப்பை. இன்னும் வரல."

"வந்தா சொல்லு. பொண்ணு பாக்கப் போன மாதிரி பதில் சொல்லாம இழுக்காத."

மூன்றரை மணிக்கு டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நோயாளி அக்காவின் தம்பி என்பது டாக்டருக்குத் தெரியாது.

"அக்கா, உக்காருங்க. இதுல எல்லாத் துண்டும் வெறும் வீக்கம்தான். ஓரத்துல ஒரு கொத்து மட்டும் நல்லால்ல. மூணு அடுக்கு வெட்டியிருக்கீங்க, ஒரு அடுக்குலதான் இருக்கு. இதுக்கு முன்னாடி தண்ணில என்ன மிதந்துச்சு?"

"அதுவும் இரைப்பைதான் டாக்டர். புத்துன்னு எழுதினீங்களே, அது."

"அதுலயும் இதே மோதிர செல்தான். அப்ப விருந்தாளியா? உங்க மேசையிலயா? நம்பவே முடியலையே. துடைச்சீங்கல்ல?"

அக்கா டாக்டர் மேசையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"துடைச்சேன்னா சொல்லுங்க. நாளைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லிடறேன். பெரிய விஷயமில்ல."

அந்த நான்கு மணி நேரமும் அக்கா மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணக்கு. தண்ணீரைத் துடைக்காமல் விட்டிருந்தால் அந்தச் செல்கள் தம்பியுடையவை இல்லை. அவை தம்பியுடையவையாக இருக்கக் கூடாது. ஆகவே துடைத்திருக்கக் கூடாது.

"துடைக்கல டாக்டர். அவசரத்துல விட்டுட்டேன். என் தப்பு."

டாக்டர் பேனாவை எடுத்தார். "பரவால்லக்கா, எல்லாருக்கும் ஒரு நாள்" என்றார். அறிக்கையில் புற்று இல்லை, கிருமியால் வந்த வீக்கம், ஓரத்தில் காணப்படுவது வேறொருவரின் திசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன்மேல் பழி போட்டுக்கொள்கிறவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

பதிவேட்டில் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினார் மேற்பார்வையாளர். அறையே கூடிவிட்டது.

"வைப்பரே ரிப்பேரா! இனி மழைக்கு எங்க போறது?"

"ஒருவழியா எங்க கட்சிக்கு வந்துட்டீங்கக்கா" என்றது கடைசி மேசை.

அக்காவும் சிரித்தார். அன்று தனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது என்கிறார். ஒரு தவறைப் பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டால், அது நடந்த மாதிரியே ஆகிவிடுகிறது.

நிம்மதி மூன்று வாரம்கூட நிற்கவில்லை. கிருமிக்கு மாத்திரை சாப்பிட்ட தம்பிக்கு எரிச்சல் குறைந்தது. அக்காதான் விடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை போன் செய்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவை ஸ்கோப் பண்ணிடேன்."

"ரிப்போர்ட் சுத்தம்னு உன் ஆஸ்பத்திரிதானே குடுத்துச்சு? அப்புறம் என்ன?"

"எனக்காகடா."

"உனக்காகக் குழாய முழுங்கணுமா? வேற ஏதாவது கேளு, வாங்கித் தர்றேன்."

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. மாடிப்படி வரை இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறார்.

அக்டோபரில் தம்பி பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். எது சாப்பிட்டாலும் நிற்கவில்லை. மறுபடி ஸ்கோப், மறுபடி ஆறு துண்டு. இந்த முறை அக்கா ஐஸ் தட்டின் ஓரத்தில் எண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்து மேசைப் பெண் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஆறு துண்டிலும் மோதிரம். டாக்டர் பழைய கண்ணாடியைச் சேமிப்பு அலமாரியிலிருந்து வரவழைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, தானே படியிறங்கி அடித்தளத்துக்கு வந்தார். அவர் கீழே வந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மார்ச்ல நீங்க வெட்டின கேஸ் ஞாபகமிருக்கா அக்கா? விருந்தாளின்னு எழுதினோமே. அது விருந்தாளி இல்ல, அந்த ஆளோடதுதான். அன்னிக்கு நிஜமாவே துடைக்கலையா?"

"துடைச்சேன் டாக்டர்."

"அப்ப ஏன்..."

"அவன் என் தம்பி."

ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மேசையிலும் கத்தி நின்றது. டாக்டர் கையிலிருந்த இரண்டு கண்ணாடியையும் மேசைமேல் வைத்தார். "என் கையெழுத்தும் அதுல இருக்கேக்கா" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்கிறார் அக்கா.

அறுவை சிகிச்சை டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு வயிற்றைத் திறக்கவே இல்லை. இரைப்பையைத் தாண்டி வயிற்றின் உள்சவ்வு முழுக்கப் பரவிவிட்டது. மருந்து ஏற்றலாம், மாதக் கணக்கில் நாள் கிடைக்கும் என்றார். மார்ச்சில் வந்திருந்தால் என்று கேட்டார் அக்கா. இரைப்பையை எடுத்திருப்பேன், ஆள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டாவது சுற்று மருந்து முடிந்த மறுநாள், அக்கா தம்பியின் வீட்டுக்குப் போனார். அதுவரை இரண்டு சுற்றுக்கும் கூடப் போனவர் அவர்தான். தம்பி கட்டிலில் சாய்ந்து, ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை சும்மா இருந்தால் வாந்தி வருகிறதாம்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சின்ன வயசுல என் சைக்கிள் பெல்லைக் கழட்டி ஒளிச்சது நீதான்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுட்டேன், போ."

அக்கா சொன்னார். விருந்தாளி என்றால் என்ன, தண்ணீரை எதற்குத் துடைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கி, எதையும் விடாமல். தம்பி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப எனக்கு மார்ச்லயே இருந்துச்சா?"

"ஆமா."

"வெட்டி எடுத்திருக்கலாமா?"

"எடுத்திருக்கலாம்."

"அதான் வாராவாரம் போன் பண்ணியா? வேலைப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு உன்னை ஆபீஸ் பூரா கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "டாக்டர்கிட்ட சொல்ல முடியல, சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"பயந்துட்டேன்டா."

"வயிறு என்னோடது. பயப்படற வேலையாவது எனக்கு விட்டிருக்கலாம்."

கதவருகில் தம்பியின் மனைவி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. கையில் இருந்த கஞ்சித் தம்ளரைக் கவனமாக ஸ்டூலின் மேல் வைத்தார். எட்டு வருடமாக அந்த வீட்டில் அக்காவை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர்.

"அண்ணி, நீங்க கிளம்புங்க."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி பலகையில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆய்வகத்தில் அக்காவை வெட்டும் மேசையிலிருந்து எடுத்து, புட்டிகளுக்கு எண் ஒட்டும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். தான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் அவருக்கு எதிரே இருந்த 'ஒன்று' என்பதை என்ன செய்வது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு தவறு நடக்கவே இல்லை. நடந்ததை எழுத அந்தப் புத்தகத்தில் கட்டமும் இல்லை. விசாரணைக் குழு வியாழக்கிழமை கூடுகிறது.

தம்பிக்கு மூன்றாவது சுற்று மருந்து திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு. மனைவி கூடப் போகிறார்.