குருவம்மாள் வீட்டுக் குடை

மழை பிடித்தால் போதும், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குருவம்மாள் மதினி வாசலில் போய் நிற்பேன்.

"மதினி, என் குடை."

"உள்ளதான் தொங்குது. வந்து பாத்துட்டுப் போ."

பார்த்துவிட்டுத்தான் வருவேன். வருஷக்கணக்காக இதே பேச்சு. என் அப்பா போடிச் சந்தையில் வாங்கிய மூங்கில்பிடிக் குடை அது. மலைக்காற்றில் துணி கிழிந்தது. எங்கள் எஸ்டேட் லயத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் அவள்தானே என்று தைக்கக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனால், கறுப்புத் துணி சிவப்பு நூலில் ஓரம் பின்னி அவள் ஜன்னலில் திரையாக ஆடுகிறது. குடைக்கம்பிகள் விரித்தபடியே உத்தரத்திலிருந்து தொங்குகின்றன. கம்பிக்குக் கம்பி வளையல் சங்கிலி. கொழுந்து பறிக்கிற பெண்களின் கண்ணாடி வளையல்கள் செடியில் பட்டு உடையுமல்லவா, அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, விளக்குத் தீயில் வாட்டி வளைத்து, ஒன்றோடொன்று கோத்திருந்தாள்.

"ஏன் மதினி, தைக்கத்தானே கொடுத்தேன்?"

"மழைக்கு ஆகாதத மழைக்குத்தான் வச்சிருக்கணுமா? கிறுக்கா."

மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஓர் அறை, ஓர் அடுப்படி, மிச்சம் புகை. குருவம்மாள் வீட்டில் மட்டும் நுழைந்தால் கண் கூசும். ஃபாக்டரியில் உடைந்த தேயிலைப் பெட்டிகளின் வெள்ளித்தாளை நீவி நீவிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். ஒரு சிம்னி விளக்குக்கு நாலு விளக்கின் வெளிச்சம். டீக்கடை யாக்கோபின் ஓட்டைக் கெட்டிலில் டேலியா பூத்திருக்கும். பெரியம்மாள் வீட்டு ஓடாத கடிகாரப் பெட்டிக்குள் முருகன் நிற்பார். நைந்துபோன எஸ்டேட் கம்பளி, பூப்பூவாக வெட்டித் தைத்து, வாசலில் மிதியடியாகக் கிடக்கும். அடி தேய்ந்த கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து, மேலே பழஞ்சேலை பொதிந்தால் முக்காலி.

யார் எதைக் குப்பைக்குக் கொண்டு போனாலும் அவள் குரல் வழிமறிக்கும். "எறியவா போற? ஒரு நிமிசம் இரு." பிறகு அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது போல. என் சம்சாரம் அவளைக் கண்டாலே கையிலிருக்கிற ஓட்டைச் சட்டியை முந்தானைக்குள் மறைப்பாள்.

ஆனால் பெண் பார்க்க ஆள் வருகிறதென்றால் லயமே குருவம்மாள் வீட்டுக்கு ஓடும். யார் வீட்டுப் பெண்ணானாலும் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவது அங்கேதான். அவர்கள் படி ஏறும் நேரம் பார்த்துக் குடைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். வெள்ளித்தாள் சுவரெங்கும் வளையல் நிறம் பச்சையும் சிவப்புமாக ஓடும். என் மகளைப் பார்க்க வந்தபோது சம்பந்தி அண்ணாந்த தலையை இறக்கவில்லை.

"இது என்ன, சீமைச் சாமானா?"

"பொண்ணோட அப்பா குடுத்ததுங்க," என்றாள் குருவம்மாள், என்னைப் பார்க்காமல்.

சம்பந்தம் முடிந்தது. அடுத்த மழைக்கும் போய்க் குடையைக் கேட்டேன். அது வேறு, இது வேறு.

எமர்ஜென்சி வந்த வருஷம், வயசாகிவிட்டதென்று எஸ்டேட்டில் அவளுக்கு வேலை முடிந்தது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. பிள்ளை இருந்தால் அந்தப் பேரில் வேலையை எழுதி, வீட்டிலேயே இருந்திருக்கலாம். புருஷன் கல்யாணமான புதிதில் மரம் மேலே சாய்ந்து செத்துப்போனவர். கடையநல்லூரில் அக்காள் மகன், 'வா சித்தி, ஆனா ஒரு பெட்டியோட வா, இடம் கிடையாது' என்று சொல்லியனுப்பினான்.

"வீட்ட வாங்கினபடியே ஒழிச்சுத் தரணும்க்கா," என்றார் சூப்பர்வைசர் நல்லமுத்து, சங்கடத்தோடு. "சுவத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாம்."

வெள்ளித்தாளை அவளே உரித்தாள். கிழியாமல், ஓரத்திலிருந்து, பிள்ளைக்குப் புண்ணில் கட்டிய துணியை அவிழ்ப்பது போல. அடியில் இருந்த சுவர் என் வீட்டுச் சுவர்தான், அதே கரி. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு லயத்தில் இறங்கினாள். யார் வீட்டிலிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். கெட்டில், டேலியாவோடு, யாக்கோபின் கடைக்குப் போனது. கடிகாரப் பெட்டி, முருகனோடு, பெரியம்மாளுக்கு. பெரியம்மாள் அழுதாள்.

"எதுக்குடீ அழுவுற? ஒன் பெட்டிதான?"

மூங்கில்பிடிக் குடைக்காக நான் என் வாசலிலேயே நின்றேன். வரவில்லை. அன்றைக்கு நான் கேட்கவும் போகவில்லை.

மறுநாள் காலை நல்ல மழை. பாதை சேறு என்று ஜீப் கீழேயே நின்றுவிட்டது. பூட்டும் கையுமாக நல்லமுத்து காத்திருந்தார். பெட்டியை எடுத்து என் தோளில் ஏற்றினேன். அவள் கடைசியாக உள்ளே போனாள். வளையல் சத்தம் கேட்டது. குடையை மடித்துக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"இந்தா, ஒன் குடை. நித்தம் உசுர வாங்குனியே."

வாங்கிக்கொண்டேன்.

"வாங்கிட்டுச் சும்மா நின்னா? மழை பெய்யிதுல்ல. ஜீப்பு வரைக்கும் புடிச்சிட்டு வா."

லயம் முழுக்க வாசலில் நிற்கிறது. நல்லமுத்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடையை விரித்தேன். வளையல் சங்கிலிகள் குலுங்கித் தொங்கின, கம்பி கம்பியாக. ஒரு தோளில் பெட்டியும் மறு கையில் அந்தக் குடையுமாக அவள் பக்கத்தில் நடந்தேன். துணியில்லாத கம்பிகளுக்கிடையே மழை நேராக எங்கள் தலையில் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

பாதி இறக்கத்தில் நின்று, முந்தானையால் முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தணிச்சுப் புடி, பாண்டி. நனையுதுல்ல."

தணித்துப் பிடித்தேன்.