பழத்துக்கு முன்னால் கத்தி எடுத்தேன்

நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. போன மாதம் கண்டிக்கு ரயிலில் போகும்போது பசித்தது. தோட்டத்துத் துரை கொடுத்த பெரிய மடக்குக்கத்தியை விரித்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, எதிர்ப் பலகை இருக்கையின் கீழே வைத்திருந்த என் பையை எடுக்கக் குனிந்தேன்.

பலகையில் இருந்த அம்மாள், “ஐயோ, குத்த வர்றான்!” என்று அலறினாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடினார்கள். அடுத்த ஸ்டேஷனில் கார்டு வந்து, “எறங்குங்க, பொலிசுக்குப் போவோம்” என்றார். நான் பையைக் காட்டினேன். அவர் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு முழு அன்னாசி.

“இத மொதல்ல காட்டக் கூடாதா?” என்று அம்மாளே சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. கார்டும் ஒரு துண்டு தின்றுவிட்டுத்தான் போனார்.

இப்போதெல்லாம் பழத்தை மடியில் வைத்து, எதிரில் இருப்பவர்களுக்கு வேண்டுமா என்று கேட்ட பிறகே கத்தியைத் தொடுகிறேன். இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை. எனக்குத்தான் பசி தீருவதில்லை.