கைக்குட்டை ஓரத்து எழுத்துகள்

பரிசுத் துணியில் பெயரெழுத்துப் பின்னிக் கொடுக்கிற தொழிலில் ஊசி விரலைக் குத்துவது பெரிய விஷயமில்லை. எந்த எழுத்து, எந்த நிறம், எந்த மூலை என்று முடிவாவதற்குள் உயிர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிவிடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள், வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெயர் தேடிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மதுரைப் பக்கமிருந்து நெய்வேலிக்கு வந்தோம். கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸ் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, துணியை இழுத்துப் பிடிக்க ஒரு மரவளையம், பிஸ்கட் டப்பா நிறைய நூல். அதுதான் என் கடை. எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து சேர்ந்த ஊர் அது. சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் கிடையாது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அவர்களுக்கு ஏதாவது கொடுத்தால் பெயர் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

சொல்லக் கூடாத பெயர்

கும்பகோணம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்கு வேலை பெர்மனென்ட் ஆனதற்காகக் கைக்குட்டை கொடுக்க விரும்பினாள். "அவர் பேரோட முதல் எழுத்தைப் போட்டுக் குடுங்கக்கா" என்றாள். என்ன எழுத்து என்று கேட்டேன். கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள்! ஜன்னலுக்கு வெளியே கொளுத்திக்கொண்டிருந்த வெயிலைக் காட்டினாள். ரவியா? இல்லை. பாஸ்கரனா? இல்லை. கதிரேசன், ஆதித்தன், சூரியமூர்த்தி என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சூரியன்களையும் வரிசையாக இறக்கினேன். தினகரன் என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீல நூலில் 'தி' போட்டு வைத்தேன். வாங்க வந்தவள் கைக்குட்டையைப் பிரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக, அதன் வளைவிலேயே போய்வந்தாள். நான் பார்ப்பதைக் கண்டுகொண்டு சொன்னாள்:

"சொல்லத்தான் கூடாதுக்கா. தொட்டுப் பாக்கலாமில்ல?"

மேஜை விரிப்பில் ஒரு மிஷின்

மண் வெட்டும் பெரிய மிஷினை ஓட்டுகிறவர் சவரிமுத்து. அதைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஊருக்குத் திரும்புகிறார். ஷிப்ட் ஆட்கள் சேர்ந்து ஒரு மேஜை விரிப்புக் கொடுக்கப்போகிறார்கள். "பேரெல்லாம் வேணாங்க. அந்த மிஷினையே போட்டுடுங்க" என்றார் சவரிமுத்து. நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. என் கணவர் அனுமதி வாங்கிச் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப்போனார்.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். பூமியைத் திறந்துவைத்தது போல அடுக்கடுக்காகச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை. நடுவில் அந்தச் சக்கரம், ஓரமெல்லாம் வாளிகளோடு, அவசரமே இல்லாமல் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஏதோ நீலமாக அசைந்தது. பறவை என்று நினைத்தேன். "அதுதான் இன்ஜினியர். நீலச் சட்டை போட்டிருக்கார்" என்றார் கணவர்.

சக்கரத்தைச் சங்கிலித் தையலில் போட்டேன். மண்ணுக்கு மூன்று நிறம் தேடி எடுத்தேன். கடைசியில் மிஷினின் மேல் நீல நூலில் ஒரே ஒரு முடிச்சு. விரிப்பைப் பெற்றுக்கொண்ட பிறகு அந்த மனிதர் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். நீல முடிச்சைத் தொட்டு இது என்ன என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். விரிப்பை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் சொன்னதைச் சவரிமுத்து தமிழில் சொன்னார்:

"அளவு சரியா இருக்காம். அது பக்கத்துல அவரு அவ்ளோதானாம்."

ஊர் எழுத்து

அஞ்சலை பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் இருந்தாள். காண்ட்ராக்ட்டில் மண் சுமக்கிற வேலை. மகள் கல்யாணத்துக்குத் தலையணை உறை கொண்டுவந்தாள். பெயருக்கு முன்னால் 'மே' என்று போடச் சொன்னாள். அப்பா பெயரா என்று கேட்டேன். "இல்லம்மா, ஊரு பேரு" என்றாள். அந்த ஊர் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்டது. இப்போது அங்கே பள்ளம்தான். அது தெரிந்ததும் எனக்கு ஊசி ஓடவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவள் அவள்தான்:

"ஏம்மா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க? எங்க வூட்ல இன்னும் சிம்னி வெளக்குதான். ஆனா எங்க வூட்டுக்கு அடியில எடுத்த கரி மெட்ராசுல லைட்டா எரியுதாம். எம்மாம் பெரிய ஊரு ஆயிட்டுது பாரு எங்க ஊரு!"

பெயர் போடாத மூலை

கமலாவும் தங்கராசுவும் திருநெல்வேலிக்காரர்கள். அடுத்த தெருவில் இருந்தார்கள். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது கமலா குழந்தையைப் போர்த்த ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். ஓரத்தில் மஞ்சள் பூ போதும், மூலையைச் சும்மா விட்டுவிடுங்கள் என்றாள். "போன தடவை பேரை யோசிச்சு வச்சிருந்தோம்க்கா. இந்தத் தடவை யோசிக்கவே இல்ல."

பூக்களை முடித்துத் துவைத்துத் தேய்த்து வைத்திருந்தேன். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஷிப்ட் முடிந்து வந்த கணவர், நிலைமை மோசம் என்கிறார்கள் என்றார். நான் அந்தத் துணியைப் பார்க்கப் பயந்துபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என்னால் வேறு எந்த வேலையும் செய்யமுடியவில்லை.

மறுநாள் காலையில் தங்கராசுவின் சைக்கிள் வந்தது. காலில் செருப்பில்லை. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கமுடியவில்லை. துணியைக் கேட்டார். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் அதை மறுபடி என் கையிலேயே வைத்தார். "பொம்பளப் பிள்ளக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் காலி மூலையைக் காட்டி எழுதச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டேன்.

"பேரை அவ அம்மா எந்திரிச்சு வைப்பா. நீங்க இப்ப 'வந்துட்டா'ன்னு போடுங்கக்கா!"

ஊரிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் இப்படிப் பின்னிக் கொடுத்த எனக்கு, எழுத்துப் போட்ட கைக்குட்டை ஒன்றுகூடச் சொந்தமாக இல்லாததால், வீட்டில் யாருக்கு ஜலதோஷம் பிடித்தாலும் முதலில் காணாமல் போவது என்னுடைய வெறும் கைக்குட்டைதான்.