லாங்போர்டின் நட்டை நான் இறுக்கியது

லாங்போர்டு என்பது நாலு சக்கரம் வைத்த நீளப் பலகை. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் கைவண்டி இழுக்கிற எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது மகளால்தான்.

மகள் களமசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் மலையாளப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெலிங்டன் தீவில் லாங்போர்டு ஓட்டக் கற்றுத்தருவாள். லாரிகள் இல்லாத நாளில் அங்கே சாலை அகலமாகக் காலியாகக் கிடக்கும். மகளும் சேர்ந்துகொண்டாள். அந்தப் பெண் தன் பழைய பலகை ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து சாயா குடிப்பாள். அடுக்களையில் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீடுவரை வருகிற தோழி மகளுக்கு அதற்கு முன் இருந்ததில்லை. அவளும் என்னைப் போல ஆட்களோடு ஒட்டாதவள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகள் எனக்கு ஓட்டும் விதத்தைச் சொன்னாள்.

"முன்கால் பலகை நடுவுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும். பின்காலால தரையை உந்தி, அதையும் மேல ஏத்தி வெச்சுரணும். முட்டி மடங்கியிருக்கணும். பயந்து பின்னால சாஞ்சா பலகை ஓடிரும், நாம மல்லாந்துருவோம்."

"பிரேக்கு?"

"காலுதான். ஷூவைத் தரையில தேய்க்கணும்."

"திருப்பறதுக்கு?"

"ஐயோ அப்பா, இதென்ன உங்க வண்டியா? போகவேண்டிய பக்கம் சாஞ்சாப் போதும்."

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனபோது பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரங்களைத் தாங்கும் அச்சு இரண்டும் ஆடின. கைவண்டியில் அச்சு ஆடினால் நாங்கள் மூட்டை ஏற்ற மாட்டோம். ஸ்பானரை எடுத்து இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். நடுவிலிருந்த ரப்பர் பிதுங்கியது, ஆட்டம் நின்றது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த ஆட்டம் இருந்தால்தான் சாய்கிற பக்கம் பலகை திரும்பும் என்பது எனக்குத் தெரியாது.

தீவில் சாலை வளைகிற இடத்தில் அவள் சாய்ந்திருக்கிறாள். பலகை நேரே போய் ஓரக்கல்லில் மோதியது. மணிக்கட்டு உடைந்தது. தோழிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

நட்டு இறுகிக் கிடந்ததால்தான் பலகை திரும்பவில்லை என்று மகள் வரும்போதே சொன்னாள். வாசலிலேயே என் மனைவி தோழியைப் பிடித்துக்கொண்டாள். "குடுக்கறதுக்கு முன்னால பார்க்க மாட்டியா நீ? எங்க பொண்ணு என்ன சோதனை எலியா?"

"ஞான் லூசாக்கித்தானே ஆன்ட்டி தந்தது" என்றாள் தோழி.

"அப்ப அது தானா இறுகிச்சா?" என்று கேட்டாள் மகள், வலியில்.

அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்தாள். நான் சாயா கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைத் தொடாமல் எழுந்து போனாள்.

பிறகு அவள் வரவில்லை, போனும் இல்லை. மகள் இடதுகையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். வீட்டில் யாரோடும் பேசவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு, நட்டை இறுக்கியது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போனேன். புதிதாக வந்த நாலு பேர் நடுவில் அந்தப் பெண் பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, யார் கொடுத்தாலும் அச்சைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் ஏறக்கூடாது என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தாள்.

"அங்கிளே, அவளுடெ கை எங்ஙனெயுண்டு?"

"பரவாயில்ல மோளே."

"வேற எந்தெங்கிலும்?" வேறு ஏதாவது சொல்ல வந்தேனா என்று கேட்டாள்.

அந்த நாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உடனே போனை எடுத்தாள். "அப்பா எல்லாம் சொன்னாரில்ல? என் மேல கோவமா?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, என் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நட்டை இறுக்கினது எங்கப்பாதான். அதைச் சொல்லத்தான் வந்தாரு" என்றாள்.

இப்போது கை சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி தெருமுனையில் நின்று கூப்பிடுகிறாள், உள்ளே வருவதில்லை. பலகையை மகள் தோழியின் வீட்டிலேயே வைத்திருக்கிறாள்.