அப்பாவுக்குத் தண்ணீர் தராத அம்மா

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணிப்போனபோது எனக்கு எட்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் கொடுத்தால் அப்பா இருமித் துடித்தார். கெட்டியாகக் காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சி மட்டும் இருமலில்லாமல் இறங்கியது. அதைக் கண்டுகொண்ட அம்மா வீட்டில் புதுச் சட்டம் போட்டாள். அப்பாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணையை அண்டக் கொடுத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால் ஊட்டுவாள். வாயைத் திறந்து காட்டினால்தான் அடுத்த வாய். சாப்பிட்ட உடனே படுக்கவும் விடமாட்டாள். அப்பாவைச் சிரிக்கவைக்கிறேன் என்று நான் குரங்குச் சேட்டை செய்ததால், சாப்பாட்டு வேளையில் எனக்கு வீட்டுக்குள் இடமில்லை.

கிள்ளானிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து இறங்கினாள். தம்பி இடது கையை நீட்டி நீட்டித் தண்ணீர்ச் செம்பைக் காட்டுவதைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள்.

“வாய் வறண்டு கெடக்கறவனுக்கு ஒரு மடக்குத் தண்ணி குடுக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

“குடுத்தா நெஞ்சுக்குள்ள போவுது அண்ணி. கஞ்சியிலயும் தண்ணிதானே இருக்கு? வாயை ஈரத்துணியால தொடச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் அம்மா.

எனக்கு அத்தையின் பேச்சே நியாயமாகப் பட்டது.

மறுநாள் அம்மா பொதுக்குழாய்க்குப் போன நேரத்தில், படுத்திருந்த அப்பாவின் வாயில் அத்தை கோப்பியை ஊற்றினாள். அன்போடுதான் ஊற்றினாள். அப்பாவின் முகம் கறுத்தது, கண் பிதுங்கியது, இருமல்கூட வரவில்லை. நான் போட்ட கூச்சலில் அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கித் தட்டினாள். கோப்பி மூக்கு வழியாக வந்தது. பிறகு பெரிய இருமல் ஒன்று. அதன் பிறகுதான் மூச்சு.

அத்தை மூலையில் உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் அம்மா கஞ்சிக் கிண்ணத்தை அத்தையிடமே நீட்டினாள்.

“நீங்களே ஊட்டுங்க அண்ணி. நான் பக்கத்துல இருக்கேன்.”

அதற்குப் பிறகு அம்மாவின் சட்டத்தை அம்மாவைவிடக் கடுமையாகக் காத்தவள் அத்தைதான். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த இளநீரை வாசலிலேயே பிடுங்கி என்னிடம் தந்துவிடுவாள். அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் அப்பா தானே கரண்டி பிடித்தார். இன்னும் கொஞ்ச நாளில், நிமிர்ந்து உட்கார்ந்து, இருமாமல் தண்ணீரும் குடித்தார்.

ஊட்டும்போது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுண்டு. அம்மா அப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், வெறும் வாயோடு அவளும் விழுங்குவாள். அம்மாவுக்கும் பசிக்கிறது போல என்றுதான் அப்போது நினைத்தேன்.