டிரெய்லர் ஓட்டி வந்தவர்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வீடு மாறியபோது, லாரி வாடகை கட்டுப்படியாகாமல் டிராக்டர் டிரெய்லர் ஒன்றைப் பிடித்தேன். ஓட்டி வந்தவருக்கு நரைத்த மீசை, தலையில் துண்டு. வடுவூர் தாண்டியும் அடிக்கடி திரும்பிச் சாமான்களையே பார்த்தார்.

“கயிறு இறுக்கமாத்தானே இருக்கு?” என்றேன்.

“எம்பொண்ணு தனிக்குடித்தனம் போனப்ப இதுலதாங்க சாமான் ஏத்துனேன். செத்துப்போன அவ அம்மாவோட தையல் மிஷினு வழியில விழுந்துருச்சு. திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கல. அவ ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. இன்னும் அவ வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரல.”

சாமான்களை இறக்கியதும் என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தவர், “இங்க பழைய தையல் மிஷினு எங்கங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

எனக்கு ஊர் புதிது. தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்ல அவர் நம்பரையாவது வாங்கி வைத்திருக்கலாம்.