இருபத்தோராவது தட்டு

என் மனைவியின் தம்பிக்கு மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி. விடியற்காலையில் ஏலத்தை முடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்புவான். குளித்து, சாப்பிட்டு, ஈரத்தலையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சொந்தத்தில் யாரிடமும் இல்லாத ஒரு டிவி கேம் அவனிடம் இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வயர் நீண்ட இரண்டு கைப்பிடிகள். உள்ளங்கை அளவில் மஞ்சள் நிறக் கேசட்டுகள். கேசட்டைப் பெட்டியின் வாயில் சொருகிப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சின்ன மனிதன் ஓட ஆரம்பிப்பான். அவனுக்கு மூன்று உயிர்.

மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு என் மனைவிக்குப் பிறந்த வீடு என்றால் அந்தத் தம்பிதான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்கு ஒரே மகள். கோடை விடுமுறை வந்தால் தாயும் மகளும் அங்கே போய்ப் பத்து நாள் தங்குவார்கள். நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். விடைத்தாள் திருத்தி முடித்ததும் அவர்களை அழைத்துவரப் போவேன்.

போகும்போதெல்லாம் ஒரே காட்சிதான். வெளிச்சம் திரையில் விழாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, ஜமக்காளத்தை விரித்து, மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோற்றவர் கைப்பிடியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

"அக்கா, அவன் குதிக்கறதுக்கு நீ எதுக்கு எந்திரிக்கறே? பட்டனை அமுக்குனாப் போதும்."

"நானும் சேந்து குதிச்சாத்தாண்டா அவன் குதிக்கறான்."

"அம்மா, செத்தாச்சு. குடு."

"இன்னொரு உசுரு இருக்குது பாரு கண்ணு. அதுக்குள்ள புடுங்காதே."

என் வீட்டில் அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அங்கே அந்தச் சின்ன மனிதன் பள்ளத்தில் விழும்போது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரிப்பாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் எழுந்து, காபி போடப் போய்விடுவாள்.

அந்தக் கேசட்டுகள் அடிக்கடி மக்கர் செய்யும். திரை வெளுத்துத் துடிக்கும். உடனே மச்சினன் கேசட்டைப் பிடுங்கி, அதன் அடிவாயில் புல்லாங்குழல் வாசிப்பவன் மாதிரி இடமிருந்து வலமாக ஊதுவான். ஒருமுறை நான் சொன்னேன்.

"மாப்ள, ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பட்டா உள்ள இருக்கற தகடு களிம்பு புடிச்சுப்போகும். ரப்பர் வெச்சுத் துடைக்கணும்."

"சரிங்க மச்சான்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, இன்னொரு தடவை ஊதிச் சொருகினான். படம் வந்துவிட்டது. "களிம்பு புடிச்சும் ஓடுதுங்களே மச்சான்" என்றான்.

மகள் உருண்டு புரண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அதில் கேலிகூட இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நான் கோவைக்குக் கொண்டுவந்து, பத்திரமாக வைத்திருந்தேன்.

மகள் எட்டாம் வகுப்பில் பெரியவளானாள். எங்கள் பக்கத்தில் அதற்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பட்டுப்புடவை, நகை, பழம், இனிப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு தட்டில், மேளத்தோடு மண்டபத்துக்குள் வரும். தட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். வரிசையாக வைத்ததும் பெண்கள் எண்ணிப் பார்ப்பார்கள். அன்று முன்வரிசை நாற்காலிகளில் எங்கள் கல்லூரி முதல்வரும் என்னோடு வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபத்தொரு தட்டு வந்தது. கடைசித் தட்டை மச்சினனே ஏந்தி வந்தான். கண்ணாடித்தாள் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்து, உள்ளே ஒரு புத்தம்புதிய டிவி கேம். என் பின்னால் யாரோ, "வாத்தியார் ஊட்டுக்கு ஏத்த சீருதானுங்க, பரிட்சைக்கு ஒதவும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். முதல்வரும் லேசாகப் புன்னகைத்தார் என்றே நினைக்கிறேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான் மச்சினனிடம் போனேன்.

"என்ன மாப்ள இது?"

"பாப்பா கேட்டுச்சுங்க மச்சான். பட்டு வேணுமா, கேம் வேணுமானு கேட்டேன். ரெண்டும்னு சொல்லிப்போட்டுது." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது சீர். தேர்க்கடை வெளையாட்டுச் சாமான் வெக்கற எடமில்ல. எடுத்துட்டுப் போங்க."

"வெச்ச தட்டை எடுக்கக் கூடாதுங்க மச்சான்."

நானே எடுத்தேன். அத்தனை பேருக்கும் நடுவில் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், வெளியே நின்ற அவனுடைய வேனின் முன்சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது ஒரு வயதான அம்மாள் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருவதுதானுங்க இருக்குது. ரெட்டப்படை ஆயிப்போச்சு."

"ஒரு தேங்காயை வெச்சுச் சரி பண்ணிக்கங்க" என்றேன்.

மச்சினன் மாலை போட்டான், புடவை கொடுத்தான், தாய்மாமன் செய்ய வேண்டியது அத்தனையும் செய்தான். பந்தி தொடங்கியபோது அவனைக் காணவில்லை. கை நனைக்காமல் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போவது, இனி இந்த வீட்டோடு ஒன்றுமில்லை என்று சொல்வதுதான். அது இயற்பியல் ஆசிரியருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். "ஏனுங்க, ஒரு போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிப்போடலாமுங்களா?"

"போனது அவன். அவனே வரட்டும்."

பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு வராமல் அவளாகக் கிளம்பிப் போக முடியாது. அது அவள் வளர்ந்த வளர்ப்பு. பொங்கலுக்குத் தம்பி வரவில்லை. ஏப்ரல் பிறந்ததும் பரணிலிருந்து பயணப்பையை இறக்கித் தூசி தட்டி, கட்டிலுக்கு அருகில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன்.

மே மாதத்தில் ஒருநாள் நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மகளுக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். மார்க்கெட்டுக்குக் கிழங்கு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர், சாக்கில் சுற்றிய பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"மேட்டுப்பாளையத்து மண்டிக்காரரு குடுத்துவிட்டாருங்க. அக்கா கையில குடுக்கச் சொன்னாருங்க."

"நான் குடுத்துக்கறேன்" என்றேன்.

அதே டிவி கேம்தான். அதன் மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தேன். ஏழு கொட்டைப்பாக்கு, ஒரு விரலி மஞ்சள், ஒரு ரூபாய் நாணயம். நான் எடுத்து வெளியே வைத்த இருபத்தோராவது தட்டை அவன் முறைப்படி திருப்பி அனுப்பியிருந்தான். கடிதம் எதுவும் இல்லை. தேவையும் இல்லை. அக்கா அதைப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே புரிந்துகொண்டிருப்பாள். ஒரு போன் போட்டிருப்பாள். மறுநாள் காலை பஸ்ஸில் இருந்திருப்பாள்.

முடிச்சைப் பழையபடி கட்டினேன். பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய், ஆய்வுக்கூடத்தில் பழைய கருவிகள் வைக்கும் பீரோவில் பூட்டினேன். இரண்டு நாளில் கொடுத்துவிடலாம், முதலில் அவன் நேரில் வந்து என்னிடம் பேசட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே முடிந்தது. அவள் பயணப்பையை மறுபடி பரணில் ஏற்றினாள்.

அடுத்த வாரம் மண்டிக்குப் போன் செய்தாள் என்று பிறகு மகள் சொன்னாள். அவன் ஊட்டிக்குப் போயிருந்தானாம். எடுத்த ஆள் சொல்வதாகச் சொன்னானாம். சொன்னானோ இல்லையோ, அங்கிருந்து போன் வரவில்லை. அனுப்பிய சீருக்குப் பதில் வரும் என்று அவன் அங்கே காத்திருந்தான். அழைப்பு வரும் என்று அவள் இங்கே காத்திருந்தாள். பீரோ சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் யாருமில்லாதபோது அந்தப் பெட்டியை எடுத்து, பாடம் காட்டும் டிவியில் இணைத்தேன். திரை வெளுத்துத் துடித்தது. கேசட்டை வெளியே எடுத்து ஊதினேன். படம் வந்தது. சின்ன மனிதன் ஓடினான். முதல் பள்ளத்திலேயே மூன்று உயிரும் போயின. கைப்பிடியை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் காலி ஸ்டூல்கள்தான் இருந்தன. எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு அதைத் தொடவில்லை.

சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும், சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. தொடக்கத்தில் மறைத்தது ஒரு பெட்டியைத்தான். போகப்போக, மறைத்தேன் என்பதையே மறைக்க வேண்டியிருந்தது.

நாலு வருடம் கழித்து அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரிக்கு நடந்து ஓய்ந்த ஒருநாள், மாத்திரைகளைப் பிரித்து அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தம்பி என்னைய வேண்டாம்னு வெச்சுட்டான் போலிருக்குதுங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தீர்மானித்துவிட்ட குரல். இல்லை, அவன் அனுப்பினான் என்று சொல்ல எனக்கு நாலு சொற்கள் போதும். "தண்ணி குடி" என்றேன்.

அவள் போன அன்று அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் எங்களில் பெண்ணின் உடலை எடுக்க மாட்டார்கள். மத்தியானம் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. சேலையைப் போர்த்தி, தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து என்னிடம் வந்தான். மகள் அப்போது உள்ளறையில் இருந்தாள். மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அன்னைக்குக் குடுத்துவிட்டனே. அக்கா அதைப் பிரிச்சுப் பாத்துச்சுங்களா?"

"பாத்தா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். "சரிங்க மச்சான்" என்றான். கேசட்டை ஊதக் கூடாது என்று நான் சொன்னபோது சொன்ன அதே "சரிங்க மச்சான்". காடு வரைக்கும் வந்துவிட்டு, அங்கிருந்தே ஊருக்குப் போய்விட்டான். இரண்டு வருடத்தில் மண்டியிலேயே நெஞ்சு வலி வந்து விழுந்துவிட்டான். அக்கா தன் சீரைப் பார்த்தும் மன்னிக்கவில்லை என்ற எண்ணத்தோடு அவன் போனான். தம்பி தன்னை வேண்டாம் என்று வைத்துவிட்டான் என்ற எண்ணத்தோடு அவள் போனாள். இரண்டும் நான் கொடுத்தவை.

ஓய்வு பெற்றபோது பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் துணியை அவிழ்த்தேன். பாக்கை வண்டு குடைந்து மாவாக்கியிருந்தது. இப்போதிருக்கிற டிவியில் அந்த வயரைச் சொருக இடமே இல்லை.

மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் போனில் சந்தோஷமாகப் பேசினாள். "அப்பா, மாமா ஊட்டுல டிவி கேம் இருந்துச்சே, அதையே இப்ப சின்னதாப் பண்ணி விக்கறாங்க. பசங்களுக்கு வாங்கிருக்கேன். எல்லா கேமும் உள்ளயே இருக்குது. ஊதறதுக்குக் கேசட்டே இல்லப்பா." பிறகு கேட்டாள். "மாமா ஏம்ப்பா அப்புறம் அம்மா இருந்த வரைக்கும் வரவே இல்ல? எனக்காச்சும் ஒண்ணு அனுப்பிருக்கலாம்."

பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

"தெரியலை கண்ணு" என்றேன்.

எழுதிவிட்டதால் சொல்லிவிட்டேன் என்று ஆகாது. மகள் தமிழில் படிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அது தெரிந்துதான் இதை எழுதியிருக்கிறேன்.